சத்தம் போடக் கூடாத வீடு

அத்தியாயம் 14

கடைசி ஊசி போட்டுப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

அந்தப் பதினோரு நாளும் பெர்தோல் குடும்பத்து வீட்டில் ஒரு கதவும் அடித்துச் சாத்தப்படவில்லை. டிவி ஊமையாக ஓடியது. விபத்தில் ஒரு கால் போன பெரியவர் நெரேயோ, தன் ஊன்றுகோலின் அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கட்டியிருந்தார், தரையில் தட்டும் சத்தம் வரக் கூடாதென்று. அவர் மகன் டாரியோ சர்க்கரை ஆலையின் கரும்பு ரயிலை ஓட்டிவிட்டு வந்தால் பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே வருவான். மருமகள் டெல்மா பாத்திரத்தைத் துணி விரித்துக் கழுவினாள்.

எல்லாம் போஸ்கோவுக்காக. துணி துவைக்கிற அறையில், பன்றி ஏற்றுகிற இரும்புக் கூண்டைக் கழுவிப் போட்டு அதற்குள் அவனைப் படுக்க வைத்திருந்தார்கள். எட்டு வருஷமாகக் காட்டுப் பன்றியைக் காதைக் கவ்வி நிறுத்திய நாய். அவனுக்கு இதயத்தில் புழு. கொசு கடித்து உள்ளே விட்ட குஞ்சு, அங்கே போய் வளர்ந்து குடியிருக்கிற புழு.

செப்டம்பரில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது தெரிந்தது. நாய் டாக்டர் ஒரு கண்ணாடி ஜாடியைக் காட்டினார். வேறொரு நாயின் இதயம். அதற்குள்ளிருந்து வேகவைத்த சேமியா மாதிரி ஒரு சாண் நீளத்துக்குப் புழுக்கள் தொங்கிக்கொண்டிருந்தன. அன்றிலிருந்து நெரேயோ இந்த வீட்டில் ஸ்பகெட்டி கேட்டதில்லை.

"ஊசி புழுவைக் கொன்னுடும்" என்றார் டாக்டர். "செத்த புழு வெளிய வராது. துண்டு துண்டா நுரையீரலுக்குப் போகும். நாய் அசையாம கிடந்தா உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சிடும். ஓடினா, குதிச்சா, ஏன், குரைச்சாக்கூட ரத்தம் வேகம் எடுத்து மொத்தமா அடைச்சிரும். ரெண்டு மாசத்துக்கு இவன் நாய் இல்ல. சோபா."

அதனால் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். குரல் ஏறினால் போஸ்கோ எழுந்து நிற்பான்.

அன்று வெள்ளிக்கிழமை. வாழைத்தார் சீவுகிற கொட்டகையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, வீக்கம் குறைக்கிற மாத்திரை வாங்க டெல்மா ஊருக்குள் போனாள். நவம்பர் முடியப் போகிறது. மழை இறங்கவில்லை, ஆனால் வானம் ஈரச் சாக்கு மாதிரி தலைமேல் தொங்கியது.

"நம்ம சோபா எப்படி இருக்கு?" என்றாள் மருந்து கொடுக்கிற டாட். அவள் அந்த நாய் ஆஸ்பத்திரியில் இருபது வருஷமாக இருக்கிறவள்.

"இருமல் நின்னுருக்கு. நேத்து ரெண்டு வாய் சாப்பிட்டான்."

"இந்த வாரமும் அடுத்த வாரமும்தான் மோசம். அதைத் தாண்டிட்டான்னா எனக்கு நிம்மதி. மாசா மாசம் குடுக்கிற மாத்திரையும் சேர்த்துப் போடட்டுமா? இனிமே அதை விடக் கூடாது."

"இதுக்கு முன்னாடியும் விட்டதில்ல டாட்."

டாட் கணினியைத் தட்டினாள். கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டாள். "ஜனவரி ரெண்டாம் தேதி ஆறு மாத்திரை டப்பா ஒண்ணு. அதுக்கப்புறம் செப்டம்பர் இருபத்தெட்டு. நடுவுல வேற எங்கயாவது வாங்கினீங்களா?"

"இல்லையே."

"பூனைக்கு விடற சொட்டு மருந்தும் அப்படியேதான் இருக்கு." டாட் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "மழைக்காலத்துல மறக்கறவங்க நிறையப் பேரு. நாங்க யாரையும் திட்டறதில்ல."

டெல்மா விரலை மடக்கினாள். வாழைப்பால் பட்டுக் கறுத்த விரல்கள். ஜனவரியில் முதல் மாத்திரை அவளே கொடுத்தாள். பத்தாம் தேதி மக்காய் ஊரில் அவள் அம்மா விழுந்து இடுப்பு முறிந்தது என்று போன் வந்தது. போனவள் ஏப்ரல் இருபத்திரண்டில்தான் திரும்பினாள். மேயிலிருந்து செப்டம்பர் வரை மறுபடி அவள் கையால் ஐந்து. ஒன்றும் ஐந்தும் ஆறு. டப்பாவில் மாத்திரை இருக்கிறதா என்றுதான் பார்த்தாளே தவிர, எத்தனை இருக்க வேண்டும் என்று அவள் யோசித்ததே இல்லை.

பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். இந்த மூன்று மாதமும் யாரும் எதுவும் கொடுக்கவில்லை.

ஆனால் குளிர்பெட்டிக் கதவில் தொங்குகிற காலண்டரில், ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் ஒரு டிக் போட்டிருந்தது. அந்த மூன்றும் டாரியோ போட்டது. செப்டம்பரில் அந்தக் காலண்டரையே கழற்றிக்கொண்டு வந்து டாக்டர் மேசைமேல் விரித்து, ஒரு மாசம்கூட விடலைங்க என்று சொல்லியிருந்தாள். நாய் சில சமயம் வாயில் ஒதுக்கி வைத்துத் துப்பிவிடும் என்று டாக்டர்தான் சமாதானம் சொன்னார்.

"டாட், ஒரு மாசம் ரெண்டு மாசம் விட்டா அப்புறம் குடுக்கறது வேலை செய்யாதா?"

"மாத்திரை பின்னாடி பார்த்துத்தான் அடிக்கும்மா. போன மாசம் கொசு விட்ட குஞ்சை இந்த மாசம் கொல்லும். ரொம்ப விட்டுட்டா குஞ்சு வளர்ந்துரும், மாத்திரைக்கு மசியாது. ரத்தத்துல தெரியறதுக்கு ஆறேழு மாசம் ஆகும்."

"பூனைக்கு?"

"பூனைக்கு ரெண்டே புழு போதும். இருமலே இல்லாமக்கூட இருக்கும். நல்லாத் திரிஞ்சுக்கிட்டு இருந்தது திடீர்னு விழுந்துரும். அதுக்குப் போட இந்த மாதிரி ஊசியும் கிடையாது. ஏம்மா, எங்க போறே? மாத்திரையை எடுத்துக்கோ."

ஆகஸ்டில் பூனை மிம்மா செத்தது அப்படித்தான். தட்டுக்குப் பக்கத்தில், வாயில் பாதி மத்தி மீனோடு. அது நெரேயோவின் பூனை. வெட்டுப்பட்ட காலின் மிச்சத்தின்மேல்தான் படுத்துத் தூங்கும். பாம்புதான் கடித்தது என்றார் பெரியவர். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒரு மலைப்பாம்பு வெகு காலமாகக் கிடந்தது. அதற்கு விஷமே இல்லை என்று டாரியோ சொல்லிப் பார்த்தான். பெரியவர் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, கரும்பு வெட்டும் கத்தியால் அதை நான்கு துண்டாக்கி வேலியில் மாட்டினார்.

டெல்மா வீட்டுக்கு வந்தபோது பெரியவர் கூண்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கம்பிக்குள் கையை விட்டிருந்தார். போஸ்கோ அந்தக் கையின்மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தான்.

இந்த வீட்டில் கூண்டைப் போலவே இன்னொன்றும் இருந்தது. அதைச் சுற்றியும் எல்லோரும் மெதுவாகத்தான் நடந்தார்கள். அது ஒரு பெயர். இரண்டு வருஷத்துக்கு முன்னால், அறுவடைச் சமயத்தில், மூத்த மகன் ஓட்டிய கரும்பு வண்டி ஓடைக் கரையில் கவிழ்ந்தது. குடித்திருந்தான். அடியில் மாட்டியது அப்பாவின் கால். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்ததும் நெரேயோ சொன்னது ஒன்றுதான்: எனக்கு ஒரே பிள்ளை. அன்று வீட்டை விட்டுப் போன மூத்தவன் போனவன்தான். அவன் பெயரை அதற்கப்புறம் அந்தக் கூரைக்கு அடியில் யாரும் உச்சரிக்கவில்லை.

டெல்மா குந்தி உட்கார்ந்தாள். "பப்பா. பிப்ரவரியில போஸ்கோவுக்கு மாத்திரை குடுத்தது யாரு?"

"உன் புருஷன்தான்."

"நீங்க பார்த்தீங்களா?"

பெரியவர் நாயைப் பார்த்தார்.

"பப்பா."

"பிப்ரவரியில நாயே இங்க இல்ல."

"எங்க இருந்துச்சு?"

"கூட்டிட்டுப் போனான். நீ ஊருக்குப் போய் ரெண்டு மூணு வாரம் இருக்கும். வேலை முடிஞ்சு வருவான், எனக்குச் சூப்பைச் சுட வச்சுக் குடுத்துட்டுக் கிளம்பிருவான். விடிஞ்சப்புறம் வருவான். வாரத்துல நாலு நாளு அப்படி. நாய் திரும்ப வரவே இல்ல, நீ வர்றதுக்கு முந்தின நாள் வரைக்கும்."

"எங்க போறேன்னு நீங்க கேக்கலையா?"

"நாப்பத்திரண்டு வயசு ஆம்பளை வெளிய தங்கினா, அப்பன் கேக்கற கேள்வியா அது?" அவர் குரல் ஏறவில்லை, ஆனால் காது சிவந்தது. "நீ வந்த, நின்னுருச்சு. நின்னு போனதை நான் எதுக்குக் கிளறணும்? ஏற்கனவே இந்த வீட்ல ஒரு நாற்காலி காலி. இன்னொண்ணு காலியாகறதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்ல பொண்ணே."

"ஒத்தைக் காலோட உங்களை இங்க தனியா விட்டுட்டு."

"நான் சமாளிச்சுக்கிட்டேன். மிம்மா இருந்தா."

டெல்மாவுக்கு மூச்சு வாங்கியது. அது கேட்டு போஸ்கோ தலையைத் தூக்கினான். அவள் எழுந்து பின்வாசலுக்குப் போய், கொடியில் கிடந்த ஈரத் துண்டின் நுனியை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். கத்தி அழக்கூட இடமில்லாத வீடாகிவிட்டது.

திரும்பி வந்து சொன்னாள்: "மிம்மாவைப் பாம்பு கடிக்கல பப்பா. அதுக்கும் இதே புழுதான்னு நினைக்கிறேன். அந்த மூணு மாசமும் அதுக்கும் யாரும் மருந்து விடல."

பெரியவர் கையை எடுக்கவில்லை. "அந்தப் பாம்பு பத்து வருஷமா அங்கதான் கிடந்துச்சு" என்றார். "எலியே வந்ததில்ல."

நாலு மணிக்கு டாரியோ வந்தான். பூட்ஸைக் கழற்றக் குனிந்தவனை டெல்மா பின்படிக்கட்டுக்குக் கூப்பிட்டாள். கையில் காலண்டர்.

"இந்த மூணு டிக்கும் யாரு போட்டது?"

"டிக்குல என்னடி கையெழுத்தா இருக்கு? நான்தான்."

"மூணும் ஒரே பேனா. ஒரே அழுத்தம். ஒரே நாள்ல உட்கார்ந்து போட்டது."

அவன் படியில் உட்கார்ந்தான். கரும்புச் சாம்பல் அப்பிய கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

"யாரு அவ?"

"எவ?"

"சத்தம் போடாதே."

"நான் எங்கடி சத்தம் போட்டேன்?"

"உன் மூஞ்சி போடுது. பப்பாவுக்கே தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல. கொட்டகையில எத்தனை பேருக்குத் தெரியும்? பேர் சொல்லு. நாயைக்கூட அவ வீட்ல கட்டிப் போட்டு வச்சிருந்தியே, அப்படி யாரு?"

டாரியோ சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. "பொம்பளை இல்ல டெல்மா." உள்ளே ஒரு முறை பார்த்துவிட்டு, உதடு மட்டும் அசையச் சொன்னான். "ஆல்டோ."

இரண்டு வருஷமாக அந்த வீட்டில் கேட்காத, அவன் அண்ணனின் பெயர்.

"ஜனவரி கடைசியில வந்தான். ஆத்தோரம் பழைய பம்ப்செட் கொட்டகை இருக்குல்ல, அங்க. தாடியும் மண்ணுமா. மூணு நாளாச் சாப்பிடல. துப்பாக்கி வச்சிருந்தான். எதுக்குன்னு கேட்டேன். பன்னிக்குன்னான். அவன்கிட்ட இருந்தது ஒரே ஒரு தோட்டா." டாரியோ தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "பிடுங்கிட்டு வந்துட்டேன். ஆனா கயிறு இருக்கு, ஆறு இருக்கு. தனியா விடப் பயமா இருந்துச்சு. நான் தினமும் தங்க முடியுமா, இங்க பப்பா தனியா இருக்காரு. அதான் நாயை அவன்கிட்ட விட்டேன். நாய்க்குச் சோறு வைக்கணுமேன்னாவது காலையில எழுந்திருப்பான்னு."

"எழுந்திருச்சானா?"

"எழுந்தான். முதல்ல நாய்க்குத்தான் சமைச்சான். அப்புறம் அவனும் தின்ன ஆரம்பிச்சான்."

"மாத்திரை?"

"நினைப்பே வரலடி. அங்க கொசு புகை மாதிரி நிக்கும். நான் அண்ணன் சாகாம இருக்கானான்னு மட்டும்தான் போய்ப் போய்ப் பார்த்தேன். நாயைப் பார்க்கல. பூனையை நினைக்கவே இல்ல. நீ வர்றதுக்கு முந்தின நாள் காலண்டரைப் பார்த்ததும்தான் பக்குன்னுச்சு. நீ கேப்பியேன்னு டிக் போட்டுட்டேன்."

"அன்னைக்கே சொல்லியிருந்தா டாக்டர்கிட்ட காட்டியிருப்போமே. புழு சின்னதா இருக்கறப்பவே."

"சொல்லியிருந்தா நீ பப்பாகிட்ட மறைக்கணும். உனக்கு மறைக்கத் தெரியாது."

பொம்பளை இல்லை என்றதும் ஒரு நொடி நெஞ்சு லேசானது டெல்மாவுக்கு. அப்படி லேசானதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. கூண்டுக்குள் ஒரு உயிர் எண்ணி எண்ணி மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். டாரியோவின் கண் அவள் தோளுக்கு மேலே போய் நின்றுவிட்டது.

துவைக்கிற அறையின் கதவில் நெரேயோ நின்றிருந்தார். எப்போது எழுந்து வந்தார் என்று இருவருக்கும் தெரியவில்லை. எவ்வளவு கேட்டார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

"இங்கயா இருக்கான்?"

"பப்பா, முதல்ல உட்காருங்க."

"பம்ப்செட்டுலயா?"

டாரியோ தலையசைத்தான். "வேலை முடிஞ்சு வர்ற வழியில இன்னும் சோறு குடுத்துட்டுத்தான் வர்றேன்."

பெரியவர் கத்துவார் என்று இருவரும் காத்திருந்தார்கள். டெல்மா கையை முன்னால் நீட்டிக்கூட விட்டாள், அவர் வாயைப் பொத்துகிற மாதிரி. அவர் கத்தவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நாள் திறக்காத அறையில் காலை வைக்கிறவர் மாதிரி, பதமாக, தனக்குத்தானே சொன்னார்.

"ஆல்டோ."

அவர் பின்னால் கூண்டு அதிர்ந்தது.

போஸ்கோ எழுந்து நின்றிருந்தான். பதினோரு நாளாக ஆடாத வால் கம்பியில் அடித்தது. பெரியவரைப் பார்க்கவில்லை, டாரியோவைப் பார்க்கவில்லை. அவர்களைத் தாண்டி வாசலைப் பார்த்தான், அந்தப் பெயர்க்காரன் வர வேண்டிய பக்கம். காது இரண்டும் நிமிர்ந்தன. குரைத்தான். பன்றியைப் பார்த்துக் குரைக்கிற குரைப்பு இல்லை. வண்டிச் சத்தம் கேட்டு, தன் ஆள் வந்துவிட்டான் என்று குரைக்கிற குரைப்பு. ஒன்று, இரண்டு, மூன்று.

நாலாவது வரவில்லை. பின்னங்கால் முதலில் மடிந்தது. பிறகு மொத்தமும் சரிந்தது. மூக்கில் இளஞ்சிவப்பு நுரை வந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போன் போடு" என்றாள் டெல்மா. மறைக்க ஒன்றும் மிச்சமில்லாததால் குரல் தன்னால் உயர்ந்தது.

போர்வையோடு தூக்கிப் பிக்கப் வண்டியின் பின்பக்கம் வைத்தார்கள். பெரியவர் தானும் பின்னால்தான் வருவேன் என்றார். வாதாட நேரமில்லை. இருவரும் அவரையும் தூக்கி ஏற்றினார்கள். பக்கப் பலகையில் முதுகைச் சாய்த்து, இருக்கிற ஒரு காலை நீட்டி, நாயின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். போஸ்கோவின் ஈறு வெள்ளையாகிவிட்டிருந்தது.

டெல்மா ஓட்டினாள். டாரியோ பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தான். டாக்டர் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அரை மணி நேரப் பாதை. இரண்டு பக்கமும் வெட்டி முடித்த வயல், நடு நடுவே கடைசியாக நிற்கிற கரும்பு.

பத்தாவது நிமிஷத்தில் ரயில் குறுக்கே வந்தது. ஆலைக்குப் போகிற கரும்பு ரயில். டாரியோ இறங்கி ஓடிக் கையை ஆட்டினான். ஓட்டுகிறவன் அவனோடு வேலை செய்கிறவன்தான், பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டுப் போனான். நிறுத்தினாலும் அது உடனே நிற்காது என்று டாரியோவைவிட யாருக்குத் தெரியும்? கரும்பு ஏற்றிய கம்பிக் கூண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. அவன் தலையில் கை வைத்துக்கொண்டு தண்டவாளத்து ஓரம் நின்றான். டெல்மா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கடைசிக் கூண்டுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் பெரியவர் தன் தாய்மொழியில் நாயோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தது கேட்டது. பிறகு கேட்கவில்லை.

ரயில் போனது. டாரியோ ஏறினான். டெல்மா மிதித்தாள்.

இரண்டு கிலோமீட்டர் போயிருக்கும். பின் கண்ணாடியில் விரல் தட்டியது. அவசரப்படுத்துகிறார் என்று நினைத்து அவள் இன்னும் மிதித்தாள். மறுபடி தட்டியது. அவள் ஓரம் கட்டி, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"மெதுவாப் போ பொண்ணே" என்றார் நெரேயோ. "இனிமே அவசரம் இல்ல."

அவர் தலையில் தொப்பி இல்லை. அது போஸ்கோவின் முகத்தின்மேல் இருந்தது.

டாரியோ முன்பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. டெல்மா கையை அவன் முதுகில் வைக்கப் போனாள், பிறகு வைக்கவில்லை. மிம்மா, பாம்பு, இது. மூன்று டிக். கோபம் இன்னும் அப்படியே இருந்தது, ஆனால் அதை எடுத்து அடிக்கிற மாதிரி அங்கே யாரும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கவில்லை.

"அங்க முன்னாடி இடது பக்கம் மண் ரோடு வருது" என்றார் பெரியவர். "அதுல திருப்பு."

அது ஆற்றுக்குப் போகிற ரோடு. பம்ப்செட்டுக்குப் போகிற ரோடு.

"பப்பா, வேண்டாம். இன்னைக்கு வேண்டாம்."

"மூணு மாசம் அவன்கூடப் படுத்துக் கிடந்த நாய். அவன் பேரைக் கேட்டு எழுந்து செத்திருக்கு. வேற யார் குழி வெட்டுறது? அவன்தான் வெட்டணும். நான் பக்கத்துல நின்னு பார்க்கிறேன்." தொப்பியைச் சரியாக வைத்துவிட்டு, "அதுக்கு மேல எதுவும் சொல்ல மாட்டேன்" என்றார்.

டெல்மா இடது பக்க விளக்கைப் போட்டாள்.

டாரியோ நெற்றியைத் தூக்கவே இல்லை. பலகையைப் பார்த்தே சொன்னான், இருவருக்கும் கேட்கிற மாதிரி.

"பப்பா, அவன் எழுந்திரிக்க முடியாமக் கிடக்கான். அவனால இப்ப மண்வெட்டியைத் தூக்க முடியாது."